குற்றாலத்து எண்ணெயும் ஒரு பாறை விரிசலும்

தென்காசிக்குப் போகிறேன் என்று பெங்களூரில் யாரிடம் சொன்னாலும் ஒரே கேள்விதான்: "அருவியில தண்ணி விழுதா?" அலுவலகத்தில் கேட்டார்கள், பால்காரர் கேட்டார், ரயிலில் எதிர் இருக்கைக்காரர் கேட்டார். அருவிக்கு இல்லை, பாறை ஏறப் போகிறேன் என்று அந்த எதிர் இருக்கைக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் என் வழுக்கையையும் தொப்பையையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்படியே அருவியிலயும் ஒரு குளி போட்டுருங்க" என்றார்.

வீட்டில் சொன்ன காரணம் வேறு. என் மனைவி கோமதியின் சித்தி குத்துக்கல்வலசையில் புது வீடு கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை பால்காய்ச்சு. கோமதி, நான், அவள் தம்பி குமரேசன் மூன்று பேரும் கிளம்பினோம். பட்டுப்புடவைப் பெட்டியைவிடப் பெரிய பையில் எங்கள் கயிறும் சாமான்களும் இருந்தன. கோமதி அந்தப் பையை வழி நெடுக முறைத்துக்கொண்டே வந்தாள்.

நானும் குமரேசனும் பத்து வருடமாகச் சேர்ந்து பாறை ஏறுகிறோம். எங்கள் முறையைச் சொல்லிவிடுகிறேன். மேலேயிருந்து யாரும் கயிறு தொங்கவிட மாட்டார்கள். பாறையில் துளை போட்டு ஆணி அடிப்பதும் கிடையாது. முதலில் போகிறவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறுவார், கயிற்றின் மறுபக்கத்தைக் கீழே நிற்பவர் பிடித்திருப்பார். வழியில் உள்ள விரிசல்களில் சின்னச் சின்ன உலோக ஆப்புகளைச் செருகி, அவற்றில் கயிற்றை மாட்டிக்கொண்டே போவார். விழுந்தால் கடைசியாகச் செருகிய ஆப்பு தாங்க வேண்டும். தாங்காவிட்டால் அதற்கு முந்தியது. இரண்டாவதாக வருகிறவருக்கு மேலேயிருந்து கயிறு இருக்கும். அவர் வேலை அந்த ஆப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வருவது. கை நழுவினாலும் ஒரு முழம் தொங்குவார், அவ்வளவுதான். குமரேசன் எப்போதும் முதலாமவன். நான் எப்போதும் இரண்டாமவன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை நான் முதலில் போனேன். பெங்களூர் பக்கத்தில் ராமநகரத்துப் பாறை ஒன்றில், பாதி வழியில், ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டேன். குமரேசன் சுற்றி வந்து மேலேயிருந்து கயிறு போட்டு என்னை இறக்கினான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கீழே வரிசையில் நின்ற நாலைந்து குழுக்கள் பிஸ்கட் தின்றுகொண்டே அதைப் பார்த்தன. அதற்குப் பிறகு நான் முதலில் போனதே இல்லை.

அடுத்த மாதம் குமரேசன் ஜெர்மனிக்கு வேலை மாறிப் போகிறான். அவன் போய்விட்டால் ஒன்று நான் முதலாமவனாக வேண்டும், இல்லையென்றால் கயிற்றைப் பரணில் போட்டுவிட்டு வாக்கிங் போக வேண்டும். எனக்கு வாக்கிங் பிடிக்காது. "இந்தத் தடவை நான்தான் முதல்ல ஏறப்போறேன்" என்று ரயிலில் கோமதியிடம் ரகசியமாகச் சொன்னேன். "போன தீபாவளிக்கும் இதையேதான் சொன்னிய" என்று அவள் சத்தமாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே பசுவையும் கன்றையும் புது வீட்டுக்குள் அழைத்துப் போக வேண்டும். கன்று துள்ளி உள்ளே ஓடிவிட்டது. பசு வாசலில் நின்றுவிட்டது. சித்தப்பா ஆசைப்பட்டுப் போட்ட பளபளப்பான டைல்ஸில் கால் வைக்க அதற்கு இஷ்டமில்லை. ஐயர் நல்ல நேரம் முடியப்போகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தார். பசுவின் கழுத்துக் கயிறு இழுத்த இழுப்பில் அறுந்தது. நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது, எங்கள் அறுபது மீட்டர் நீலக் கயிற்றின் ஒரு முனை பசுவின் கழுத்தில் இருந்தது, மறு முனையை நான்கு சித்தப்பாக்கள் வடம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். மீதிக் கயிறு வாசலில் குவிந்து கிடந்தது.

பாறை ஏறுகிறவர்கள் கயிற்றைக் காலால் மிதிக்கவே மாட்டோம். மிதித்தால் மண் உள்ளே போய் இழையை அறுக்கும். பசுவுக்கு அது தெரியாது. அது கயிற்றின் மேல் நின்று, யோசித்து, பிறகு தாராளமாகச் சிறுநீர் கழித்துவிட்டு உள்ளே போனது. கூடியிருந்தவர்கள் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல சகுனம்லா! அந்தக் கயித்துக்குக் கொடுத்து வச்சிருக்கணும்" என்றார் சித்தி.

"நல்ல கயிறா இருக்கேன்னு எடுத்தேன் மாப்ளே, கோவிச்சுக்காதிய" என்றார் சித்தப்பா.

மாப்பிள்ளை என்றால் கோவிக்கக் கூடாது. மொட்டை மாடியில் பக்கெட்டில் சோப்புத் தண்ணீர் வைத்து அறுபது மீட்டரையும் முழம் முழமாக அலசினேன். ஒவ்வொரு அடியையும் விரலால் நெருடிப் பார்த்தேன். பழுது இல்லை. மத்தியானம் சொதி சாப்பாடு. தேங்காய்ப் பாலில் காய்கறி மிதக்கும் அந்தக் குழம்பை இரண்டு தடவை வாங்கி, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும் வைத்துச் சாப்பிட்டால் எப்பேர்ப்பட்ட கோபமும் கரைந்துவிடும். சாயங்காலம் வரை தூங்கினேன்.

சனிக்கிழமை குற்றாலம். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் சாரல் அடிக்கும் மாதத்தில் தென்காசிக்கு வந்துவிட்டுக் குற்றாலம் போகவில்லை என்றால் சித்தி வீட்டில் யாரும் எங்களை மனிதர்களாக மதிக்க மாட்டார்கள். மெயின் அருவிக்குப் போகும் வழி நெடுக மங்குஸ்தான் கூறு, நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கும் தேங்காயெண்ணெய் வாசம், ஈரத்துண்டோடு திரும்பும் கூட்டம். நடுவில், இடுப்பில் துண்டும் கையில் எண்ணெய்க் கிண்ணமுமாக மசாஜ் செய்கிறவர்கள்.

அவர்களில் அகலமான ஓர் அண்ணாச்சி குமரேசனின் தோளை ஒரே ஒரு முறை தொட்டார். பிறகு விடவில்லை.

"என்ன தம்பி இது, கல்லா இருக்கு! என்ன வேலை பாக்குதிய?"

"கம்ப்யூட்டர் வேலை அண்ணாச்சி."

"பொய் சொல்லாதிய. இது கம்ப்யூட்டர் தோளு இல்ல. ஒரு மணி நேரம் குடுங்க, பஞ்சா ஆக்கிருதேன்."

தோளைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னால் குமரேசன் எங்கே வேண்டுமானாலும் உட்காருவான். உட்கார்ந்துவிட்டான். அண்ணாச்சி என்னையும் கூப்பிட்டார். விலாவில் யாராவது கை வைத்தால் எனக்குக் கூச்சம் தாங்காது. நடுத்தெருவில் நெளிந்து சிரித்து மானம் போக வேண்டாம் என்று தள்ளி நின்றுகொண்டேன். ஒரு மணி நேரம் அந்த அண்ணாச்சி அவனைப் புரோட்டா மாவு பிசைவதுபோல் பிசைந்தார். தட்டினார், முறுக்கினார், விரல் விரலாக நீவி எண்ணெய் ஏற்றினார். முடிவில் மூச்சு வாங்கிக்கொண்டு, "ரெண்டு நாளைக்குக் கனமா ஒண்ணும் தூக்காதிய. உடம்பு சொன்ன பேச்சு கேக்காது" என்றார்.

"நாளைக்குப் பாறை ஏறப்போறேன் அண்ணாச்சி" என்றான் குமரேசன்.

அண்ணாச்சி அதை நகைச்சுவை என்று நினைத்து வெகு நேரம் சிரித்தார்.

அருவியில் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்தபடி அடி அடியாக நகர்ந்து, தலையைக் காட்டி, யாரோ ஒருவரின் முழங்கையை விலாவில் வாங்கி (எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது) வெளியே வந்தேன். கூட்டத்துக்குப் பயந்துதான் ராமநகரத்துக்குப் போகாமல் இவ்வளவு தூரம் வந்தோம் என்று குமரேசனிடம் சொல்ல நினைத்தேன். அவன் முக்கால் மணி நேரம் கழித்து, விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப்போய், குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புளியறைப் பக்கம் போனோம். கேரள எல்லைச் செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நின்றன. ரோட்டோரக் கடையில் வாழை இலையில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றி, நாட்டுக்கோழி வறுவலும் வைத்தார்கள். பக்கத்து மேஜையில் ஒரு கேரள டிரைவர் மனைவியிடம் போனில் மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்: "இன்னும் பச்சைத் தண்ணி குடிக்கல. வண்டி நகரவே மாட்டேங்குது." அவர் இலையில் ஆறாவது புரோட்டா விழுந்தது. குமரேசன் கையிலிருந்து தண்ணீர் டம்ளர் இரண்டு தடவை வழுக்கி விழுந்தது. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். நான் வறுவலில் கவனமாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் குமரேசனும் மட்டும் மினி பஸ்ஸில் சுந்தரபாண்டியபுரம் கிளம்பினோம். போன வருடம் வந்தபோது பஸ் ஜன்னல் வழியாகக் குமரேசன் ஒரு மொட்டைப் பாறையைப் பார்த்து வைத்திருந்தான். நடுவில் கீழிருந்து மேல்வரை ஒரு விரிசல். சுமாரான கஷ்டம்தான் இருக்கும், எண்பது அடி வரும், ஒரு ஈ காக்கை அங்கே ஏறியிருக்காது என்று வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கண்டக்டர் எங்கள் தோளில் கிடந்த கயிற்றையும் ஹெல்மெட்டையும் கிணுகிணுக்கும் இரும்புகளையும் பார்த்துவிட்டு, "கிணத்து வேலைக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார். இல்லை என்று விளக்குவதற்குள் பின் சீட்டிலிருந்து ஒருவர் எழுந்து வந்துவிட்டார். அவர் கிணற்றில் மோட்டார் விழுந்து நான்கு நாள் ஆகிறதாம். இறங்கி எடுத்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகுமாம். நாங்கள் ஏறத்தான் செய்வோம், இறங்க மாட்டோம் என்றேன். "ஏறத் தெரிஞ்சவனுக்கு இறங்கத் தெரியாதா?" என்று அவர் கேட்டார். ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்குத் தெரியவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? குமரேசன் கிட்டத்தட்ட ஒத்துக்கொள்ளப் போனான். அவன் காலை மிதித்துத் தடுத்தேன்.

பாறைக்கு முன்னால் சூரியகாந்தித் தோட்டம். ரோட்டுப் பக்கத்து ஓரத்தில் நான்கு குடும்பங்கள் பூவுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தன. பாறைப் பக்கம் ஒருவர்கூட இல்லை. இருந்தது பேச்சியம்மாள் மட்டும்தான். நாற்பது வயதிருக்கும். கிளிகள் விதையைக் கொத்தாமல் இருக்க, ஒரு பழைய எண்ணெய் டின்னைக் கம்பால் அடித்துக்கொண்டு காவல் இருந்தார்.

"எங்கன போறிய?"

"இந்தப் பாறையில ஏறப்போறோம்மா."

"மேல என்ன கெடக்கு?"

"ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

"சும்மாவா?" என்று அவர் எங்கள் இரும்புகளை ஒருமுறை பார்த்தார். "பொறத்தால கூடி ஆடு ஏறுத தடம் இருக்கு. சும்மான்னா அதுல போக வேண்டியதானே?" இறங்குவதற்கு அந்தத் தடம் உதவும் என்று குறித்துக்கொண்டோம்.

நான்தான் முதலில் ஏறப்போகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். குமரேசன் வழக்கம்போல் கயிற்று முனையை எடுத்து இடுப்பில் முடிச்சுப் போட ஆரம்பித்திருந்தான். வாயை மூடிக்கொண்டேன். கோமதி இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

அவன் ஐந்தடி ஏறினான். வழுக்கி இறங்கினான். கையைத் துடைத்து மறுபடி ஏறினான், எட்டடி. முழங்கையிலிருந்து எண்ணெய் வியர்வையோடு சேர்ந்து வடிந்துகொண்டிருந்தது. வழுக்காமல் இருக்கக் கையில் அப்பிய வெள்ளைப் பொடி குழைத்த திருநீறாகிவிட்டது. மூன்றாவது தடவை, பிடித்த பிடி பிடித்தபடியே இருக்க, விரல்கள் மட்டும் சோப்புக் கட்டி மாதிரி வெளியே வந்தன. தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் அந்நியர் கைகளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அத்தான், அந்த அண்ணாச்சி என்னை முடிச்சுட்டாரு. நீங்க போங்க."

ஆறு வருடமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. வெயில் ஏறுகிறது என்றேன். காற்று ஜாஸ்தி என்றேன். கயிற்றை மாடு மிதித்துவிட்டது என்றேன். அவன் கயிற்று முனையை அவிழ்த்து என் மடியில் போட்டான்.

முதல் இருபதடி நன்றாகவே போனது. விரிசல் கையை உள்ளே விட்டு முஷ்டி மடக்கினால் இறுகிக்கொள்ளும் அளவு இருந்தது. இரண்டு ஆப்பு செருகினேன், இழுத்துப் பார்த்தேன், மாட்டினேன். மூன்றாவது இடத்தில் விரிசல் வெளிப்பக்கம் அகன்றிருந்தது. ஆப்பு உள்ளே போய் உட்காரவில்லை, சாய்ந்து நின்றது. வேறு அளவு எடுக்கலாம் என்று இடுப்பில் துழாவும்போது கீழே டின் படபடவென்று முழங்கியது. கிளிக்கூட்டம் ஒன்று என் காதோரம் பறந்து போனது. உயிரே போய்விட்டது. இருந்த ஆப்பிலேயே கயிற்றை மாட்டிவிட்டு, இழுத்துப் பார்க்காமல், அப்படியே நின்றேன். கீழே பார்க்கக் கூடாது என்று தெரியும். பார்த்தேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ராமநகரத்து பிஸ்கட் சத்தம் காதில் கேட்டது.

"அண்ணாச்சி!" என்று பேச்சியம்மாள் கூப்பிட்டார். "கிளிகூட ஒரு இடத்துல இம்புட்டு நேரம் உக்காராது!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பயத்தைவிட ரோஷம் நல்லது, கால் நகர்ந்தது. அடுத்த பத்தடிக்கு விரிசல் மூடியிருந்தது, எதுவும் செருக முடியாது, பாதத்தை நம்பி நடக்க வேண்டும். நடந்தேன். நான்காவது ஆப்பு. இன்னும் கொஞ்சம் மேலே ஐந்தாவது. அது எவ்வளவு அழகாக உட்கார்ந்தது என்றால், படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்கு மேல் பயமே இல்லை. பாறை சரிந்து, காற்று முகத்தில் அடித்து, நான் உச்சியில் நின்றேன். மேற்கே குற்றாலத்து மலையில் மேகம் இறங்கியிருந்தது, இங்கே சுள்ளென்று வெயில். நான் அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்பதால் கொஞ்சம் தாராளமாகவே அழுதேன்.

பெரிய பாறாங்கல் ஒன்றில் கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டு, குமரேசனை மேலே வரச் சொன்னேன். வழுக்கி வழுக்கி, கயிற்றில் தொங்கித் தொங்கி வந்தான். நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மூன்றாவது ஆப்பைத் தொடுவதற்கு முன்பே, கயிறு அசைந்ததில், அது தானாகக் கழன்று கயிற்றோடு வழுக்கி அவன் இடுப்பில் போய் நின்றது. அவன் நிமிர்ந்து மேலே பார்த்தான். நான் தலையை இழுத்துக்கொண்டேன்.

வந்து சேர்ந்து மூச்சு வாங்கினான். "எப்படி இருந்தது மாப்ளே?" என்று கேட்டேன்.

"கல்லு மாதிரி இருந்துச்சு அத்தான். ஒவ்வொண்ணும் தட்டித் தட்டித்தான் எடுத்தேன்."

"மூணாவது?"

"அதுவும்தான். சூப்பர்."

"நான் மேலேயிருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவன் ஆப்புகளை இடுப்பிலிருந்து கழற்றிக் கீழே வைத்தான். பிறகு சிரித்தான். "நீங்க மட்டும்? பத்து வருஷமா என்கிட்ட 'சூப்பர் மாப்ளே, சூப்பர்'ன்னு சொல்லிக்கிட்டு இருந்தது என்னவாம்? நீங்க சூப்பர்னு சொன்னாலே எதோ ஒண்ணு கழண்டிருக்குன்னு எனக்குத் தெரியும்."

எனக்கு முகம் சுட்டது. அவன் செருகிய ஆப்புகளில் எத்தனையோ என் சுண்டுவிரல் பட்டதும் வந்திருக்கின்றன. ஒன்றைக்கூட நான் சொன்னதில்லை. சொன்னால் அவனுக்குத் தைரியம் போய்விடும், அப்புறம் முதலில் ஏற ஆள் இருக்காது, என் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அவ்வளவுதான் காரணம். நான் நல்லவன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை அவனிடம் அங்கேயே சொன்னேன்.

"சரி விடுங்க" என்றான் குமரேசன். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அப்ப நானும் ஒண்ணு சொல்லிருதேன் அத்தான். அஞ்சாவதும்" என்றான்.

"அஞ்சாவதா? அது பிரமாதமா உக்காந்துச்சே!"

"ஆப்பு நல்லாத்தான் உக்காந்திருந்தது. அது உக்காந்த கல்லுதான் ஆடுது. கை வச்சேன், கல்லும் சேந்து அசைஞ்சுது." பிறகு, "ஜெர்மனிக்குப் போன பொறவு நீங்க இங்க இப்படி ஏறிக்கிட்டு இருப்பியன்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வராது. நான் இருக்கும்போதே இன்னொரு தடவை ஏறிக் காட்டுங்க" என்றான்.

ஆட்டுத் தடத்தில் இறங்கினோம். மறுபடி கயிற்றைக் கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை அழுகையும் இல்லை, ரோஷமும் இல்லை, வேலை மட்டும்தான் இருந்தது. மூன்றாவது இடத்தில் மூன்று அளவு மாற்றிப் பார்த்துச் செருகினேன். டின் அடித்தது, அடிக்கட்டும் என்று விட்டேன். ஐந்தாவதுக்குக் கல்லை முஷ்டியால் தட்டிச் சத்தம் கேட்டு, ஓரடி தள்ளி நல்ல இடம் தேடி, செருகி, முழு எடையையும் போட்டு அதில் தொங்கிப் பார்த்தேன். பேச்சியம்மாள் இதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

குமரேசன் மேலே வர முக்கால் மணி நேரம் ஆனது. மூன்றாவது இடத்தில் இரும்பில் இரும்பு தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுநடுவே என்னைத் திட்டும் சத்தமும் வந்தது. முதலில் "என்ன அத்தான் இப்படி இறுக்கி வச்சிருக்கிய" என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தான். ஐந்தாவதுக்கு வந்தபோது விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்துவிட்டது போலிருக்கிறது, அத்தான் முறை கிறையெல்லாம் காற்றில் போயிற்று. "ஏலே! இதை எப்படிலே எடுக்கது?" என்று பாறை அதிரக் கத்தினான்.

கல்யாணமாகி இருபது வருடத்தில் என் மச்சினன் என்னை அப்படிக் கூப்பிட்டது அன்று மட்டும்தான். கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன்.